எண்பத்தாறு விளக்கும் ஒன்பது ஃப்ரேமும்

ஒரு முறை மாட்டிய எதையும் அவர் கழற்ற மாட்டார். அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதலாம் என்று யாராவது கட்டுப்பாடு போட்டால், இதை எழுதிவிட்டு நான் எழுந்துவிடுவேன். அவரோடு நான் பட்ட பாடு முழுவதும் இந்த வாக்கியத்துக்குள் அடங்கும்.

நாமக்கல்லில், திருச்செங்கோடு ரோட்டில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். இருபத்திரண்டு வருடம் சொந்த லாரி ஓட்டியவர். சர்க்கரையால் வலது கண்ணில் பார்வை போன பிறகு லாரியை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் லாரி ஓட்ட ஆரம்பித்திருந்தார். அது ஆன்லைனில் ஆடும் ஒரு விளையாட்டு. நம் நெடுஞ்சாலைகளை அப்படியே வரைந்து வைத்திருப்பார்கள். அவரவர் வீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, பத்துப் பதினைந்து பேர் ஒரே சாலையில் வரிசையாக லாரி ஓட்டிப் போகலாம். நான் அப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே டெஸ்டிங் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தத் தகுதி போதும், தெருவில் யார் வீட்டு மோடம் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“அம்மிணி, வண்டி திக்குது. மேடு ஏறயில இழுவையே இல்ல. சித்த வந்து பாரு சாமி.”

அவர் சொல்வது கம்ப்யூட்டரை என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. திரையில் படம் விநாடிக்கு முப்பது நாற்பது முறையாவது மாறினால்தான் கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும். அப்படி மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். அவருடைய லாரி விநாடிக்கு ஒன்பது ஃப்ரேமில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதில் ஒரு லாரி சாலையில் போகாது. ஒரு புகைப்படத்திலிருந்து அடுத்த புகைப்படத்துக்குத் தாவும்.

இந்த மாதிரிக் கோளாறுக்கு எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சூடு, பிறகு மின்சாரம், பிறகு படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், பிறகு பின்னணியில் சும்மா ஓடிக்கொண்டிருப்பவை, கடைசியில் விளையாட்டின் அமைப்புகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். மாற்றியதை எழுதி வைப்பேன். சூட்டிலும் மின்சாரத்திலும் டிரைவர் மென்பொருளிலும் குறையில்லை. நான்காவதுக்கு வந்தபோது தலை சுற்றியது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு, ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டு ஓடின. அவரிடம் இல்லாத ஒரு பிரிண்டருக்கு ஒரு மென்பொருள். பாட்டுக் கேட்பதற்கு மூன்று. இவை போக, மானிட்டர் கடையிலிருந்து வந்தபோது மேலே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமல் குமிழ் குமிழாக உப்பியிருந்தது. இருக்கிற ஒரு கண்ணையும் வைத்துக்கொண்டு அவர் அந்தக் குமிழ்களின் வழியாகத்தான் சாலையைப் பார்த்து வந்திருக்கிறார்.

அதை உரித்துவிடலாமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும் அம்மிணி. அதுபாட்டுக்கு இருக்குது.”

இந்த ‘அதுபாட்டுக்கு இருக்குது’ என்ற பதிலை அடுத்த மூன்று மாதங்களில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணாமல் விட்டது என் ஒரே குறை. ஒரு வைரஸ் தடுப்பை அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நீக்கிவிட்டேன். அடுத்த வாரம் போனால் அது திரும்ப வந்திருந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பச்சைப் படத்தைக் காணோம் என்று கடைக்காரரிடம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி போட்டு வாங்கி வந்திருக்கிறார்.

அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நான் வாயைத் திறந்து குறை சொல்வதற்கு முன்பே அத்தை எனக்கு ஆறுதல் சொன்னார். ஹாலில் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கிய ஒன்பது வருடத்துக் காலண்டர்களைக் காட்டினார். ஆணி முன்னால் வளைந்து கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது.

“கல்யாணத்துல கட்டுன காப்பு இருக்குதுல்ல, மூணாம் நாள் அவுக்கோணும். என்ற மாமியா, நாத்தனா எல்லாரும் சொல்லிப் பாத்தாங்க. அது இத்துப்போயித் தானா விழுகற வரைக்கும் அந்தக் கையிலதான் கெடந்துச்சு. நீ, என்ற சாமி, கம்ப்யூட்டருல போயி எதைக் கழட்டப் போற.”

அவருடைய நிஜ லாரிக்கு லாரிப்பேட்டையில் பந்தல் வண்டி என்று பெயராம். பட்டறையில் பாடி கட்டும்போது போட்ட விளக்குகளுக்கு மேல், ஊர் ஊராகப் போகும்போது ஒன்றொன்றாகச் சேர்த்தவை. முகப்பில் வரிசையாக, இரண்டு பக்கமும், சக்கரத்துக்கு மேலே, பின்பலகையில். அதோடு குஞ்சம், சலங்கை, கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு. பார்வை போன பிறகு லாரியை நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். எதையும் கழற்றக் கூடாது என்று ஒரு சொல் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்திருக்கிறார். பத்தே நாளில் அந்த லாரி மொட்டையாக எங்கள் தெரு வழியாகப் போனதாம். அதன் பிறகு அவர் லாரிப்பேட்டைப் பக்கமே போகவில்லை என்று அத்தை சொன்னார்.

என் வரிசையில் ஐந்தாவதான விளையாட்டின் அமைப்புகளுக்கு வந்தபோதுதான் எனக்குக் காரணம் கிடைத்தது. விளையாட்டுக்குள் அவர் ஓட்டியது கடையில் கிடைக்கும் சாதாரண லாரி அல்ல. லாரிகளுக்குப் பெயர் எழுதும் ஸ்டிக்கர் கடையில் டிசைன் வேலை பார்க்கும் ஒருவரிடம் பழைய புகைப்படங்களைக் கொடுத்து, பந்தல் வண்டியை அப்படியே விளையாட்டுக்குள் செய்து வாங்கியிருந்தார். மொத்தம் எண்பத்தாறு விளக்குகள். நம் டிசைன்காரர் நல்ல வேலைக்காரர், அதுதான் சிக்கல். எண்பத்தாறும் உண்மையாகவே ஒளி வீசின. ஒவ்வொரு விளக்கின் வெளிச்சமும் சாலையில் எங்கே விழும், பக்கத்து வண்டியில் எங்கே விழும், மரத்தில் எங்கே விழும் என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கணக்குப் போட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன். ஃப்ரேம் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் போட்டேன். ஒன்பது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒரு சோதனை முடிவு என் வாழ்க்கையில் அதற்கு முன்பு எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷமாகத் திரும்பி அவரிடம் சொன்னேன், பாதியைக் கழற்றினால் போதும் என்று.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். அதுதான் பதில்.

எது தேவை, எது தேவையில்லை என்று அவரையே சொல்ல வைத்துவிடலாம் என்று ஓர் அட்டவணை தயாரித்தேன். விளக்கு எண், இடம், நிறம், எதற்காக. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினேன். சரிபார்ப்பதற்காகச் சிலவற்றைத் திரும்பவும் கேட்டேன். அது என் தொழில் பழக்கம், செய்திருக்கக் கூடாது. நாற்பத்தேழாவது விளக்கு, டீசல் டேங்குக்கு மேலே உள்ள பச்சை. முதல் முறை, அதை ஒரு டயர் கடைக்காரர் பிரியமாக மாட்டிவிட்டது என்றார். இரண்டாம் முறை, டேங்க் மூடியை இருட்டில் எவனும் திருடாமல் இருப்பதற்கு என்றார். மூன்றாம் முறை கேட்டபோது கொஞ்சம் யோசித்தார்.

“எதுக்குன்னு எனக்குத் தெரீல அம்மிணி. ஆனா இருந்துச்சு.”

அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதுவது? காலியாக விட்டேன். அட்டவணை முடிந்தபோது எண்பத்தாறு கட்டங்களில் முப்பதுக்கு மேல் காலியாக இருந்தன. ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

இதற்குள் இன்னொரு தலைவலி முளைத்தது. அவர் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஓட்டினார். பதினைந்து பேர். லீவில் வந்த டிரைவர்கள், பட்டறைக்காரர்கள், ஓட்டுவதை நிறுத்தியவர்கள். எல்லாரும் திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம் பக்கத்து ஆட்கள். ஞாயிறு இரண்டரை மணிக்கு அவர் குளித்து, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். வாரம் முழுவதும் உம் கொட்டிக்கொண்டிருப்பவர், ஸ்பீக்கரில் ஆட்களின் குரல் கேட்டதும் வேறு ஆளாகிவிடுவார். டோல்கேட்டில் யார் முந்துவது, யார் கியர் போடத் தெரியாதவன், எவன் டீக்கடையைக் கண்டால் ஊரையே மறந்துவிடுவான் என்று மூன்று மணி நேரம் சிரிப்பும் வம்பும்தான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் சங்ககிரிக்காரர் ஒருவர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். என் எண்ணை எங்கிருந்தோ வாங்கிக் கூப்பிட்டார். ரொம்பவும் மரியாதையாகத்தான் பேசினார். சேர்ந்து ஓட்டும்போது ஒருவருடைய லாரியை மற்றவர் கம்ப்யூட்டரும் வரைய வேண்டும். அதனால் அண்ணன் வண்டி பக்கத்தில் வந்தாலே பதினாலு பேர் வண்டியும் திக்குகிறது. போன வாரம் மூன்று பேர் தடுப்பில் மோதியிருக்கிறார்கள். ஆட்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள், அடுத்த ஞாயிற்றுக்குள் அண்ணன் விளக்குகளைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் கூட்டத்தை விட்டு விலக வேண்டும்.

“எனக்கு வாய் வரமாட்டேங்குதுங்க. நீங்க எடுத்துச் சொன்னீங்கன்னாக் கேட்டுக்குவாருங்க.”

இவர் யார் சொல்லி எதைக் கேட்டார் என்று நான் சங்ககிரிக்காரரிடம் கேட்கவில்லை. அத்தையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

“ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் அந்த மனுசன் வாயத் தொறக்கறது. அதையும் போக்கிறாத சாமி.”

ஏதோ நான்தான் அவரை வெளியேற்றுவது போல. எனக்கு வந்த எரிச்சலில் அந்த வாரம் வேலை முடித்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் அவருடைய லாரியின் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகப்பு விளக்கு இரண்டும், பின்விளக்கு இரண்டும் மட்டும் நிஜமாக ஒளி வீசும்படி விட்டேன். மீதி எண்பத்திரண்டையும் எரிவது போலத் தெரியும் வெறும் படமாக மாற்றினேன். நிறம் மாறவில்லை, இடம் மாறவில்லை, மினுக்குவதும் மாறவில்லை. வெளிச்சம் மட்டும் எங்கேயும் விழாது. சனிக்கிழமை சோதித்தேன். முப்பத்தெட்டு. நான் பெருமைப்படும் வேலைகளில் அது ஒன்று. அவரிடம் ஒன்றும் கழற்றவில்லை, கொஞ்சம் சரிசெய்தேன் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லைதான்.

அவர் உட்கார்ந்து, வண்டியை எடுத்து, விளையாட்டுக்குள் இருட்டும் வரை ஓட்டினார். சீராக, வெண்ணெய் போல ஓடியது. ஓரமாக நிறுத்தினார். வண்டியைச் சுற்றிப் பார்க்கும் வசதி அதில் உண்டு. சுற்றிப் பார்த்தார்.

“லைட்டு எரியுது அம்மிணி. ரோட்டுல வெளிச்சம் விழுகல.”

நான் என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் பழையபடி வைத்துவிடச் சொன்னார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை.

அப்போது நான் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. பெரியவர்களிடம் குரலை உயர்த்திப் பேசுகிறவள் இல்லை நான்.

“உங்க ஒருத்தருக்காகப் பதினாலு பேரு திக்கித் திக்கி ஓட்டோணுமுங்களா? நாளைக்கு உங்களைக் கூட்டத்துல இருந்து எடுத்துருவாங்க மாமா. அப்பறம் இந்த எண்பத்தாறையும் வெச்சுக்கிட்டு யாரு கூட ஓட்டப் போறீங்க?”

காக்கிச் சட்டை நாற்காலியின் முதுகில் அடுத்த நாளுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் காலரைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். எத்தனை தொலைவு தள்ளிப் போனால் தன் வண்டி மற்றவர்கள் கம்ப்யூட்டரில் தெரியாது?

கேள்வி சரியானது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. என் கம்ப்யூட்டரிலும் அவருடையதிலும் ஆளுக்கொரு லாரியை நிறுத்தி அளந்து பார்த்தேன். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் அவர் வண்டியை மற்றவர் கம்ப்யூட்டர் வரையாது. வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் தெரிவார். குரலும் கேட்கும். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் அவருடைய வண்டியை வரைந்துதானே ஆக வேண்டும், அங்கே ஒன்பது ஒன்பதாகவே இருக்கும் என்றேன்.

“எனக்கு அது போதும் அம்மிணி. பாக்கற கண்ணே ஒண்ணுதானே.”

எண்பத்தாறையும் பழையபடி வைத்துக்கொடுத்தேன். அந்த ஞாயிற்றிலிருந்து அவர் கூட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் பின்னால் ஓட்டினார். முன்னால் போகிறவர்கள் டோல்கேட்டில் நின்றால் இவரும் அந்தத் தொலைவிலேயே நின்றுவிடுவார். அவர்கள் டீக்கடையில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி ஹாரன் அடித்து விளையாடுவது ஸ்பீக்கரில் கேட்கும். இவர் திரையில் வெறும் சாலைதான் இருக்கும். அவர்கள் கிளம்பி இரண்டு நிமிடம் கழித்து, ஆளில்லாத டீக்கடையை இவர் தாண்டுவார். ஃப்ரேம் பிரச்சினை என்று பார்த்தால் அது தீர்ந்துவிட்டது. முன்னால் போன பதினாலு பேருக்கும் நாற்பதுக்குக் குறையவில்லை. என் குறிப்பேட்டில் ‘தீர்ந்தது’ என்று எழுதப் போய் எழுதாமல் மூடினேன். அவர் பேச்சும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தது. தொலைவில் இருக்கிறவனிடம் யார் வம்பு பேசுவார்கள்?

மூன்றாவது ஞாயிறு தொப்பூர் கணவாய் இறக்கம். விளையாட்டில் அப்போது பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. நான் தொலைவைக் கவனித்துச் சொல்வதற்காக அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் வரைபடத்தில் பதின்மூன்று புள்ளிகள் கீழே போயின, ஒன்று மட்டும் ஓரமாக நின்றுவிட்டது. சங்ககிரிக்காரருடையது. இவர் உடனே பிரேக் போட்டார். ஒன்றரை கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு லாரிகளும் நின்றன. அவரும் நகரவில்லை, இவரும் நகரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம்.

“பஞ்சரா கண்ணு?” என்று இவர் கேட்டார்.

“இல்லீங்ணா. கண்ணாடியில பின்னாடி ஒண்ணுமே தெரியலீங். இருட்டா இருக்குது.”

“நான் பின்னாடிதான் இருக்கறேன். நீ போ.”

பிறகு நின்றிருந்த புள்ளி நகர்ந்தது. கீழே போகாமல் மேலே வந்தது. அவர் வண்டியைத் திருப்பியிருந்தார்.

“கணவாயில ஒன்வேல எதுக்க வாரயா? டிரைவரா நீயெல்லாம்?” மூன்று வாரத்துக்குப் பிறகு இவர் குரலில் பழைய வம்பு வந்தது.

மானிட்டர் தாளின் குமிழ்களுக்கு நடுவே இரண்டு முகப்பு விளக்குகள் தாவித் தாவிப் பெரிதாகின. வளைந்து திரும்பி, பந்தல் வண்டிக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்றது அந்த லாரி. அதன் வெள்ளைக் கதவில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக இவருடைய வெளிச்சம் விழுந்தது.

“முன்னாடி போ கண்ணு. என்ற பக்கத்துல வந்தீன்னா உன்ற வண்டி திக்கும்.”

“திக்கட்டுமுங்ணா.”

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, திக்கித் திக்கிக் கணவாயை இறங்கின. இருபது நிமிடத்தில் இறங்க வேண்டிய இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு முறை உரசிக்கொண்டார்கள். யார் மேல் தப்பு என்று கீழே போய்ச் சேரும் வரை சண்டை. அத்தை அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நான் வேலை மீட்டிங்கில் இருக்கும்போது, சங்ககிரிக்காரர் கூப்பிட்டார்.

“ஏனுங்க, நேத்து என்ற கம்ப்யூட்டர்லயும் ஒம்பதுதானுங்க வந்துச்சு. என்ன பண்றதுங்க?”

பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்கான பதில் அவருக்கே தெரியும் என்றேன். ஒன்றரை கிலோமீட்டர்.

“அது தெரியுமுங்க. அண்ணனத் தள்ளி ஓட்டச் சொல்லாம, லைட்டையும் கழட்டாம, ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுங்க. நான் மட்டும் இல்லீங்க. வாற ஞாயித்துக்கெழம அண்ணன்கூடப் பின்னாடியே வாரோம்னு இன்னும் நாலு பேரு சொல்லிப்போட்டாங்க.”

ஐந்து பேரும் என்னென்ன கார்டு போட்டிருக்கிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொன்னேன். வேறென்ன சொல்ல.